தோன்றா எழுவாய்

போன மாதம் ஒரு இரவு பழைய மாணவி ஒருத்தி அழைத்தாள். எங்கள் துறையில் முதுகலை முடித்தவள். இப்போது லால்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. ஏழு மாதம். நலம் விசாரித்து முடித்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள். "அம்மா, உங்களுக்கு நார்மலா, சிசேரியனா? எந்த ஆஸ்பத்திரில பாத்தீங்க?"

சிசேரியன் என்றேன்.

சில நொடி பேச்சில்லை. பிறகு, "உங்களுக்கேவா?" என்றாள்.

தேற்றமும் வினாவும் ஒட்டிக்கொண்ட அந்த ஒற்றைச் சொல் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. அவள் மனதில் நான் திடமானவள். மேடையில் கவிதை வாசிப்பவள், பெண் உடல் பற்றி வகுப்பில் கூச்சமில்லாமல் பேசுபவள். அப்படிப்பட்டவள் எப்படித் தோற்றாள் என்பதுதான் கேள்வி. சிசேரியன் என்பது ஒரு பெண்ணின் மனவுறுதிக்கு வைக்கப்பட்ட தேர்வு, அதில் நான் தேறவில்லை. அவளை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பாடத்தை அவள் என் வகுப்பில் படிக்கவில்லை என்றாலும், நான் அதை மறுத்து ஒரு வகுப்புகூட எடுத்ததில்லை.

'சுகப்பிரசவம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்குச் சுகம்? யோனியின் வாயைக் கத்தரித்துத் தையல் போட்டு, மூன்று வாரம் ஒழுங்காக உட்கார முடியாமல் ஒருக்களித்துப் பால் கொடுப்பவளுக்கும் நடந்தது சுகப்பிரசவமே. வயிற்றில் கத்தி படாவிட்டால் சுகம் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. வினைச்சொற்களைக் கவனித்தால் இன்னும் தெளிவாகும். சுகப்பிரசவம் ஆனவள் பிள்ளை 'பெற்றாள்'. சிசேரியன் ஆனவளிடமிருந்து பிள்ளையை 'எடுத்துட்டாங்க'. ஒன்பது மாதம் சுமந்து, பன்னிரண்டு மணி நேரம் வலித்து, ஏழு அடுக்கு கிழிபட்டவளுக்குப் 'பெற்றாள்' என்ற வினை கிடைப்பதில்லை. இலக்கணம் நடத்துகிறவளுக்கு இது உறுத்தாமல் இருக்க முடியாது.

'எடுத்துட்டாங்க', 'பண்ணிட்டாங்க', 'வேற வழியில்லன்னு சொல்லிட்டாங்க'. இந்த வாக்கியங்களில் எழுவாய் இல்லை. தோன்றா எழுவாய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். வினைமுற்றைப் பார்த்தால் 'அவர்கள்' என்று ஊகித்துக்கொள்ளலாம். அந்த அவர்கள் யார், எப்போது முடிவெடுத்தார்கள், எதைப் பார்த்து எடுத்தார்கள் என்று எந்த வீட்டிலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் "அவளுக்கு வலி தாங்கல", "அவளுக்கு இடுப்பு எலும்பு சின்னது", "குனிஞ்சு நிமிந்து வேலை செஞ்சாத்தானே" என்று பேசும்போது மட்டும் எழுவாய் பளிச்சென்று வந்து நிற்கும். அவள்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2010. தனியார் மருத்துவமனை. நாள் நெருங்கி, விடியற்காலையில் பனிக்குடம் உடைந்து போய்ச் சேர்ந்தேன். ஒன்பது மணிக்கு வலி வரவைக்கும் மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்க்க வயிற்றில் பெல்ட் கட்டினார்கள். பெல்ட் நகரக்கூடாது என்பதால் மல்லாந்தே கிடந்தேன். கணவரும் அம்மாவும் வெளியே. இரவு எட்டு மணிக்குப் பரிசோதித்துவிட்டு, "ஆறு சென்டிமீட்டர்லயே நிக்குது, எடுத்துடலாம்" என்றார் மருத்துவர். என்னிடம் சொல்லவில்லை, என் கால்மாட்டில் நின்ற செவிலியரிடம் சொன்னார். செவிலியர் வெளியே போய், "பேஷண்ட் கூட யாரு வந்திருக்கீங்க, கையெழுத்துப் போடுங்க" என்றது எனக்குக் கேட்டது. கணவர் போட்டார். அப்போது நான் முனைவர் பட்டம் வாங்கி இரண்டு வருடம். வங்கிக் கடனுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், விடைத்தாள் கட்டுகளுக்குப் போட்டிருக்கிறேன். என் வயிற்றைத் திறப்பதற்கான தாளில் என் கையெழுத்து இல்லை.

மகள் நன்றாகப் பிறந்தாள். நன்றாக இருக்கிறாள். அதனால் இதைப் பற்றிப் பேசுவதே நன்றிகெட்டதனம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். "பிள்ளை நல்லா இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்ற கேள்விக்கு முன்னால் பெண்களாகிய நாம் எல்லாரும் வாயடைத்துப்போகிறோம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் காரணம் என்ற இடத்தில் மூன்று சொற்கள் இருந்தன: ஃபெயிலியர் டு ப்ராக்ரஸ். முன்னேறத் தவறியது. இங்கேயும் எழுவாய் இல்லை. மருந்தா தவறியது, மல்லாந்து கிடத்திய முறையா, கடிகாரமா? அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். அந்த அறுவை தேவையாகவே இருந்திருக்கலாம். பதினைந்து வருடத்துக்குப் பிறகும் அது எனக்குத் தெரியவில்லை என்பதுதான் என் குறை.

அந்தக் கடிகாரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. எம்மானுவேல் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 1955-ல், முதல் குழந்தை பெறும் 500 பெண்களின் பிரசவங்களை நேரம் குறித்து வரைபடமாக்கினார். கருப்பையின் வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது திறக்க வேண்டும் என்ற கணக்கு அந்த வழியில் வந்து உலகம் முழுவதும் பிரசவ அறைச் சுவர்களில் ஏறியது. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் பிரசவப் பராமரிப்புக்கான பரிந்துரைகளைத் திருத்தி வெளியிட்டது. தீவிர வலிக்கட்டம் ஐந்து சென்டிமீட்டரிலிருந்துதான் தொடங்குகிறது, முதல் பிரசவத்தில் அது பன்னிரண்டு மணி நேரம் வரை போகலாம், தாயும் பிள்ளையும் நலமாக இருக்கும்போது மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தலையிட வேண்டாம் என்று அது சொல்கிறது. இதை வாசித்த அன்று என் தாளை எடுத்து மறுபடி பார்த்தேன். ஆறு சென்டிமீட்டர், இரவு எட்டு மணி.

இனி எண்கள். ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 44.9 சிசேரியன். அதற்கு முந்தைய ஆய்வில் (2015-16) 34.1. இந்தியா முழுவதற்கும் 21.5. நம்மைவிட மேலே இருப்பது தெலங்கானா, 60.7. தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8. 1985-ல் பிரேசிலின் ஃபோர்டலேசாவில் கூடிய உலக சுகாதார நிறுவன வல்லுநர்கள் பத்து முதல் பதினைந்து சதவீதத்துக்கு மேல் போக நியாயமில்லை என்றார்கள். 2015-ல் அதே நிறுவனம், சதவீதத்தைத் துரத்த வேண்டாம், தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அறுவை கிடைப்பதே முக்கியம் என்று பேச்சை மாற்றியது. அந்த மாற்றத்தை நான் ஏற்கிறேன். ஆனால் தேவைப்படுகிறவளுக்குக் கிடைப்பது பற்றிப் பேசும் கட்டத்தைத் தமிழ்நாடு தாண்டி வந்துவிட்டது. இங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன.

63.8-ஐப் பார்த்ததும் 'தனியார் கொள்ளை' என்று எழுதி முடித்துவிடலாம். நம் கட்டுரைகள் பல அங்கேதான் முடிகின்றன. கட்டணம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலேயே 36 சதவீதம். அங்கே பேக்கேஜ் இல்லை, ரூம் வாடகை இல்லை. அப்படியானால் காசு மட்டும் காரணமாக இருக்க முடியாது. என் கணிப்பில் பெரிய காரணம் நேரம். இயற்கையான பிரசவம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். அறுவை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே மருத்துவரும் நாலு செவிலியரும் உள்ள சின்ன நர்சிங்ஹோமை நினைத்துப்பாருங்கள். அந்த மருத்துவரும் பெரும்பாலும் ஒரு பெண். கீழே ஆஸ்பத்திரி, மாடியில் வீடு. மயக்க மருந்து கொடுப்பவர் மூன்று ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர். நடுராத்திரி கூப்பிட்டால் வருவார் என்று உறுதியில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் வாசலில் கும்பல் கூடிக் கண்ணாடியை உடைக்கும். "ஏன் சீக்கிரமே ஆபரேஷன் பண்ணல?" என்று கேட்டு வந்த கும்பல்கள் உண்டு. "ஏன் பண்ணினீங்க?" என்று கேட்டு எந்தக் கும்பலும் வந்ததில்லை. இந்த நிலையில் சாயங்காலமே முடிவெடுத்துவிடுகிற பெண் மருத்துவரை என்னால் வில்லியாக்க முடியவில்லை. அவள் தூக்கத்தையும் பயத்தையும் என் வயிற்றில் தீர்த்துக்கொள்ளும்படி அமைத்து வைத்த ஏற்பாடுதான் என் விமர்சனத்துக்குரியது.

குடும்பங்களும் சும்மா இல்லை. சித்திரையில் பிள்ளை பிறந்தால் ஆகாது என்று பங்குனிக் கடைசியிலேயே எடுக்கச் சொல்கிறவர்கள், ஜோசியர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டோடு வருகிறவர்கள் எல்லாரையும் நான் பார்த்திருக்கிறேன். முப்பத்தொன்பது வாரம் முடியுமுன் மருத்துவக் காரணமின்றி எடுத்தால் குழந்தைக்கு மூச்சுக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுகிறது. ராசிக் கட்டத்தில் அதற்கு இடம் கிடையாது. அப்புறம், ஒருமுறை அறுத்தால் அடுத்ததும் அறுவைதான் என்பது எழுதப்படாத சட்டம். முந்தைய சிசேரியனுக்குப் பிறகு இயல்பாகப் பெற முயலும்போது தழும்பு விடுபடும் அபாயம் சுமார் இருநூறில் ஒன்று. உடனே அறுவை செய்யும் வசதி உள்ள இடத்தில் பலருக்கு அதை முயன்று பார்க்கலாம். மாறாக ஒவ்வொரு சிசேரியனிலும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறுகிறது. இரண்டாவதிலேயே "அப்படியே கு.க.வும் பண்ணிடலாம்" என்று முடிப்பதால் நம் ஊரில் மூன்றாவதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அந்தக் கு.க.வுக்கும் ஆண் ஒருவர் வெளியே நிற்கிறாரா என்று தேடுவார்கள், கையெழுத்துக்கு மட்டும்.

இப்படிப் பேசினால் உடனே பாட்டி காலத்துக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வண்டியில் ஏற விருப்பமில்லை. பாட்டி காலத்தில் பிரசவம் பார்த்த மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் குடியைச் சேர்ந்தவள். பேறுகாலத் தீட்டைச் சுமக்கத் தகுந்தவள் என்று ஊர் அவளைத்தான் வைத்திருந்தது. கூலி படி நெல். பிள்ளையைக் கையில் ஏந்தியவளை நடுவீட்டுக்குள் உட்காரவைக்கவில்லை. அவளுடைய கைப்பக்குவத்தை இன்று வியந்து எழுதுகிறவர்கள் அவளுடைய சாதியை விட்டுவிட்டு எழுதுகிறார்கள். அந்தக் காலத்தில் செத்துப்போன தாய்களையும் விட்டுவிடுகிறார்கள். என் அப்பாயியின் அக்கா அப்படிப் போனவள். குடும்பப் படத்தில்கூட இல்லை. 2018-ல் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஒரு இளம் ஆசிரியை ரத்தப்போக்கில் இறந்தார். 'இயற்கை' என்ற சொல்லும் 'சுகம்' என்ற சொல்லைப் போலவே பெண்ணிடம் தேர்ச்சி கேட்கிறது.

நம் பெண்ணிய வட்டத்தின் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. கருக்கலைப்பு உரிமை பற்றி எழுதினோம், கருப்பை அகற்றல் பற்றி எழுதினோம். பிரசவ அறைக்கு முன்னால் மட்டும் தயங்கி நின்றோம். தாய்மையைப் பற்றிப் பேசினால் தாய்மை வழிபாட்டுக்குள் விழுந்துவிடுவோம் என்ற பயம் எனக்கும் இருந்தது. இன்னொரு பக்கம், "வலி வேண்டாம், சிசேரியன் பண்ணுங்க" என்று தானே கேட்கும் பெண்ணை என்ன செய்வது என்று தெரியவில்லை. அது அவள் உரிமை என்று சொல்லிவிட்டு நகர்ந்தோம். உரிமைதான். ஆனால் அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று கேட்டிருக்க வேண்டும். என் வகுப்புப் பெண்களிடம் கேட்டபோது வலியைச் சொன்னவர்கள் சிலர். அதிகம் பேர் சொன்னது பிரசவ வார்டை. கத்தினால் தொடையில் அடி விழும், "படுக்கும்போது தெரியலையா?" என்று கேட்பார்கள், துணி விலகிக் கிடக்கும்போது யார் யாரோ வந்து விரலை விட்டுப் பார்ப்பார்கள் என்று அக்காவும் அண்ணியும் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள். அறுவை அறையில் இதெல்லாம் இல்லை. முதுகில் ஒரு ஊசி, பிறகு மரியாதையான அமைதி. இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று வைத்துவிட்டு அதைத் தேர்வு என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் ஊர் மலைக்கோட்டையில் இருப்பவர் தாயுமானவர். நிறைமாதமாக இருந்த செட்டிப்பெண்ணுக்குத் துணைக்கு வரவேண்டிய தாய், காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே நின்றுவிட, சிவனே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நான் கோயிலுக்குப் போகிறவள் அல்ல. ஆனாலும் இந்தக் கதை, பிரசவத்தில் முதல் தேவை பக்கத்தில் நம்மவள் ஒருத்தி என்று தெரிந்தவர்கள் கட்டிய கதை. பிரசவ நேரம் முழுக்கத் துணை இருந்தால் அறுவையின் தேவை குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வும் சொல்கிறது. பிரசவத் துணையை அனுமதிப்பதில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் இந்தியாவிலேயே முன்னோடி. கட்டணம் வாங்கும் பல இடங்களில் இன்றும் சிவனே வந்தாலும் வெளியே பெஞ்சில்தான்.

மாணவியோடு நான் மூன்று இடங்களுக்குப் போனேன். எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று கேட்டால் ஊரில் சொல்லும் பதில்கள் 'கைராசி டாக்டர்', 'ஏசி ரூம்', 'நார்மலுக்கு ரொம்ப ட்ரை பண்ணுவாங்க'. இவற்றில் எதையும் சரிபார்க்க முடியாது. 2017-ல் மத்திய அரசு ஊழியர் நலத்திட்டத்தில் உள்ள மருத்துவமனைகள் தங்கள் சிசேரியன் எண்ணிக்கையைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரு பெண் தொடங்கிய கையெழுத்து இயக்கத்தின் விளைவு அது. அப்படி ஒரு பலகையை நாங்கள் போன மூன்று இடத்திலும் காணவில்லை. காபி விலைப் பலகை இருந்தது.

மொத்தச் சதவீதத்தைக் கேட்பதில் ஒரு சிக்கலும் உண்டு. எல்லா ஆபத்தான கேசுகளும் அனுப்பப்படும் பெரிய அரசு மருத்துவமனையில் எண் கூடத்தான் இருக்கும். அதற்காகத்தான் பெண்களைப் பத்துப் பிரிவாகப் பிரித்துக் கணக்குப் பார்க்கும் ராப்சன் முறை வந்தது. மருத்துவமனைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும் அதைத்தான். நாங்கள் முதல் பிரிவை மட்டும் கேட்பது என்று முடிவு செய்தோம்: முதல் குழந்தை, ஒரே குழந்தை, தலை கீழே இருக்கிறது, மாதம் நிறைந்து தானாக வலி வந்திருக்கிறது. இப்படி வருகிறவர்களில் எத்தனை பேருக்கு உங்கள் இடத்தில் அறுவையில் முடிகிறது?

முதல் இடத்தில் வரவேற்பறைப் பெண், "மேடம், அதெல்லாம் டாக்டர் டிசைட் பண்றது" என்றார். பிறகு மருத்துவரே, "கூகுள் பாத்துட்டு வர்றாங்க" என்று சிரித்தார். மாணவி எழுதி வந்த தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டாவது இடத்தில் கோபப்பட்டார்கள். மூன்றாவது, லால்குடியிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். அங்கே இருந்த மருத்துவர் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு போன மூன்று மாதத்துக் கணக்கை விரல்விட்டு எண்ணினார். எண் ஒன்றும் அழகாக இல்லை. "நைட்ல அனஸ்தடிஸ்ட் கிடைக்காத நாள்ல நான் கொஞ்சம் முன்னாடியே முடிவெடுத்துடறேன், அத மறைக்க விரும்பல" என்றார். இரவில் யார் பணியில் இருப்பார்கள், வலியில் எழுந்து நடக்கலாமா, அம்மாவை உள்ளே விடுவீர்களா, தையல் எல்லாருக்கும் போடுவீர்களா என்று மாணவி கேட்டாள். தையல் தேவைப்பட்டால் மட்டும், நடக்கலாம், அம்மா வரலாம், ஆனால் போன் கூடாது. கடைசியாக அவள், "கையெழுத்து நான் போடலாமா டாக்டர்?" என்றாள். மருத்துவருக்குக் கேள்வி முதலில் புரியவில்லை. "நீங்கதானேம்மா போடணும்?" என்றார். படிவத்தை எடுத்துப் பார்த்தார். நோயாளியின் கையெழுத்து என்ற கோடும் அதில் இருந்தது. பெரும்பாலான தாள்களில் அது காலியாகவே இருப்பதை அவரே அப்போதுதான் புரட்டிப் பார்த்தார் போலிருந்தது.

திரும்பி வரும் வழியில் மாணவி பேசவே இல்லை. வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்திருப்பாள். அவள் மாமியாருக்கு முதலில் போன இடம்தான் பிடிக்கும். நடந்தே போகலாம், அவருடைய பெண்ணுக்கும் அங்கேதான் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் எடுத்துட்டாங்கதான். எதற்கு எடுத்தார்கள் என்று அவளிடம் மாணவி கேட்டாளாம். அவளுக்குத் தெரியவில்லை. மாமியாருக்கும் தெரியவில்லை. ரெண்டு நாள் கழித்து மாமியார், "அந்த ஃபைலு பீரோவுலதான் கெடக்கு" என்று எடுத்து வந்து, ஆங்கிலத்தில் இருந்த வரியைக் காட்டி, "இதுல என்னன்னு போட்டிருக்கு, படி" என்றிருக்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இருபது கிலோமீட்டர் மறுபடி போகிறோம். இந்தமுறை மாமியாரும் வருகிறார். தனக்கும் ஒன்று கேட்க வேண்டும் என்றாராம். என்ன என்று சொல்லவில்லை.